புது என்ஜினுக்குத் தாலாட்டு வேண்டாம்!



மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பிரிவில் டிப்ளமோ சேர்ந்தவனுக்கு ஊருக்குள் ஒரு தனி மரியாதை உண்டு. தெருவில் யார் புது வண்டி எடுத்தாலும் சரி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கோயிலுக்கு ஒரு சுற்று போய் வந்த கையோடு நம்மைத்தான் கூப்பிடுவார்கள். "ஏம்ப்பா, நீ இதைத்தானே படிக்கிறே? முதல் ஆயிரம் கிலோமீட்டர் எப்படி ஓட்டணும், சொல்லு!"

நாம் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நிற்கிற மாமா முந்திக்கொள்வார். "இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு? நாற்பதுக்கு மேல போகக் கூடாது. பச்சைக் குழந்தை மாதிரி பாத்துக்கணும்." உடனே இன்னொரு அண்ணன் சிரிப்பார். "அதெல்லாம் அந்தக் காலம் மாமா. இப்ப வர்ற வண்டி எல்லாம் கம்பெனியிலேயே செட் பண்ணித்தான் அனுப்புறான். எடுத்த அன்னைக்கே மிதிக்க வேண்டியதுதான்!"

ஊர் இப்படி இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. தாலாட்டுக் கட்சி ஒன்று, தடாலடிக் கட்சி ஒன்று. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது என்பது என் கருத்து. புது என்ஜினுக்கு வேண்டியது நடுத்தரமான சுமை. அந்தச் சுமையும் ஒரே மாதிரி நிற்காமல் ஏறி ஏறி இறங்க வேண்டும். இதைத் தெளிவாக எடுத்துச் சொல்லும் கடமை, படிக்கிற நமக்கு இருக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

சிலிண்டருக்குள் நடப்பது என்ன?

நம் லேபில் பாதியாக வெட்டி வைத்திருக்கும் என்ஜினை எல்லோரும் பார்த்திருப்போம். வெட்டாத ஒரு புது சிலிண்டரை விளக்கு வைத்து உற்றுப் பாருங்கள். சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்காது. பெருக்கல் குறி போட்டதுபோல் மெல்லிய குறுக்குக் கோடுகள் தெரியும். ஹோனிங் செய்யும்போது வேண்டுமென்றே போடுகிற கோடுகள் அவை. அந்தப் பள்ளங்களில் ஆயில் தங்கும். பள்ளங்களுக்கு நடுவே இருக்கிற மேட்டு முனைகள்தான் பிஸ்டன் ரிங்கோடு உரசித் தேய்ந்து, ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்தும். 'ரன்னிங் இன்' என்று நாம் சொல்வதில் முக்கால் பங்கு இந்தப் பொருத்தம்தான்.

ரிங்கைச் சுவரோடு சேர்த்து அழுத்துவது எது? ரிங்கின் சொந்த வில் விசை என்று பலரும் பதில் எழுதுவோம். அது கொஞ்சம்தான். பெரிய பங்கு எரிவாயு அழுத்தத்தினுடையது. பிஸ்டனுக்கு மேலே எரிபொருள் எரிந்து அழுத்தம் உயரும்போது, அந்த வாயு ரிங் உட்கார்ந்திருக்கும் பள்ளத்துக்குள் புகுந்து, ரிங்கின் முதுகுப் பக்கமிருந்து அதைச் சுவரை நோக்கித் தள்ளுகிறது. சுமை கூடினால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் ரிங் நன்றாகப் பதியும்.

தாலாட்டுக் கட்சிக்காரர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் நாள் கணக்கில் உருட்டினால் ரிங்குக்குப் போதுமான அழுத்தம் கிடைப்பதில்லை. சுவரில் மிஞ்சும் ஆயில் சூட்டில் கருகி, அரக்குப் பூசியதுபோல் படிந்து, அந்த அருமையான குறுக்குக் கோடுகளை அடைத்துவிடும். போர் 'கிளேஸ்' ஆகிவிட்டது என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். அதற்குப் பிறகு ரிங் பதியாது. வண்டி ஆயில் குடிக்கும், புகை தள்ளும், இழுவை குறையும். பெரும்பாலும் என்ஜினைப் பிரித்து மறுபடியும் ஹோன் போட்டால்தான் சரியாகும்.

தடாலடிக் கட்சி கோட்டைவிடும் இடம் வேறு. மேட்டு முனைகள் தேயாத நிலையில் உராய்வு அதிகம், உராய்வால் சூடும் அதிகம். அந்த நேரத்தில் முழு ஆக்சிலேட்டரில் நிறுத்தாமல் விரட்டினால் ஆயில் படலம் அறுந்து, ரிங்கும் சுவரும் ஒன்றையொன்று கீறிக்கொள்ளும். சுவரில் விழுந்த கீறலை எந்த ஆயிலும் ஆற்றாது.

நாற்பதுக்கு மேல் போகாதே என்றது ஏன்?

பெரியவர்களைக் கிண்டல் செய்வது சுலபம். அவர்கள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தபோது ஓசூர் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது (கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்). அந்த மொபெட்டும் அதுபோன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளும் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றி ஓட்ட வேண்டியவை. கலவையில் ஆயில் குறைந்துபோய், அதோடு புது வண்டியையும் விரட்டினால், பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டருக்குள் அப்படியே பிடித்துக்கொள்ளும். நடுரோட்டில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ஆள் விழுவான். அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் 'நாற்பது' என்ற எச்சரிக்கை. புது காரின் பின் கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று எழுதி ஒட்டிக்கொண்டு போன காலமும் அதுதான்.

இன்றைக்கு ஹோனிங் நுட்பம் மாறிவிட்டது. மேட்டு முனைகளைத் தொழிற்சாலையிலேயே ஓரளவு சீவி விடுகிறார்கள். ஆயிலும் மாறிவிட்டது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 வண்டிகள்தான் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் பெட்ரோலை எவ்வளவு தெளிப்பது என்று கணக்குப் போடுவது கம்ப்யூட்டர். ஆகையால் பழைய பயம் அப்படியே பொருந்தாது.

அதற்காக ரன்னிங் இன் வேண்டாம் என்று ஆகிவிடுமா? வண்டியோடு வரும் கையேட்டை எடுத்துப் பாருங்கள். மாருதி சுசுகி கார்களின் கையேட்டில் முதல் 960 கிலோமீட்டருக்கு விதிகள் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் செய்தவுடன் ரேஸ் பண்ணாதே. நின்ற இடத்திலிருந்து முழு ஆக்சிலேட்டர் கொடுத்துக் கிளம்பாதே. நெடுநேரம் ஒரே வேகத்தில் போகாதே, வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டு. மேல் கியரில் மெதுவாக ஊராதே. முதல் 320 கிலோமீட்டருக்குப் பிரேக்கை ஓங்கி மிதிக்காதே. சாரம் இவ்வளவுதான். 'ஒரே வேகத்தில் போகாதே' என்ற வரியைக் கவனித்தீர்களா? நாற்பதிலேயே நாள் பூராவும் உருட்டினாலும் அந்த விதியை மீறியதாகத்தான் கணக்கு!

ஆகாயத்திலும் இதே பாடம்

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. சிறு விமானங்களுக்குப் பிஸ்டன் என்ஜின் செய்யும் லைகாமிங் என்ற அமெரிக்க நிறுவனம், புதிதாகவோ பழுது பார்த்தோ பொருத்திய என்ஜினை முதல் சில மணி நேரம் 65 முதல் 75 சதவீத சக்தியில் ஓட்டச் சொல்கிறது. தரையில் வீணாக ஓடவிடக் கூடாது, குறைந்த சக்தியில் பறந்துகொண்டே இருக்கக் கூடாது என்கிறது. ஆயில் செலவு ஒரு நிலைக்கு வரும் வரை சாதாரண மினரல் ஆயிலையே பயன்படுத்தச் சொல்கிறது. காரணம் அதேதான்: ரிங் பதிய வேண்டும், சுவரில் அரக்கு படியக் கூடாது. விமான என்ஜினுக்குச் சொன்னதை அப்படியே நம் காருக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆகாயத்தில் என்ஜின் நின்றால் ஓரங்கட்டி நிறுத்த இடமில்லை. அப்படிப்பட்டவர்களே தாலாட்டை ஏற்கவில்லை என்றால், யோசிக்க வேண்டாமா?

நம் ஊர் ரோடே நல்ல வாத்தியார்

சேலத்திலோ ஓசூரிலோ டெலிவரி எடுத்து தருமபுரிக்கு வண்டியை ஓட்டி வருகிறவர் என்ன செய்கிறார்? பழைய ஏழாம் நம்பர், இப்போதைய 44ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையில் ஏறியதும் எண்பதில் முள்ளை நிறுத்திவிட்டு வீடு வரைக்கும் அப்படியே வருகிறார். ஓசூர் என்றால் 90 கிலோமீட்டருக்கு மேல். நேரான ரோடு, கை காலுக்கு வேலையே இல்லை. ஓட்டுகிறவருக்கு அது சுகம்தான், ஆனால் என்ஜினுக்கு நல்ல பயிற்சி கிடைப்பதில்லை.

அந்த வகையில் நம் மாவட்டம் கொடுத்து வைத்தது. பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகும் ரோடு சுமார் 46 கிலோமீட்டர். ஊர் வரும், திருப்பம் வரும், கடைசியில் மலை இறக்கம் வரும். திரும்பும்போது அதே இறக்கம் ஏற்றமாகிவிடும். கியரை மாற்றாமல் இந்த ரோட்டில் யாராலும் போக முடியாது. சேலத்திலிருந்து வந்தால் தொப்பூர் கணவாய் ஏற்றம். இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து, சரியான கியரில், நிதானமாக ஏறினால் ரிங்குக்கு வேண்டிய அழுத்தம் அங்கேயே கிடைத்துவிடும்.

இறக்கத்தையும் மறக்கக் கூடாது. கியரில் இருந்தபடியே ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினால், பெட்ரோல் என்ஜினில் சிலிண்டருக்குள் வெற்றிடம் கூடி, ஆயிலைச் சற்று மேலே இழுக்கும். தேய்ந்து உதிர்ந்த உலோகத் துகளைக் கழுவிக்கொண்டு போக அது உதவும். "நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்" என்று சொல்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இன்றைய பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் கியரில் இறங்கும்போது எரிபொருளே நின்றுவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் அணையாமலிருக்கக் கொஞ்சம் பெட்ரோல் செலவாகும்! தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது என்ஜினுக்கும் கேடு, உயிருக்கும் கேடு. அந்தக் கணவாயில் எத்தனை விபத்துகள் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே.

குட்டி யானையும் மாதத் தவணையும்

சொந்தக் காருக்கு இதெல்லாம் சரி. பிழைப்புக்கு வண்டி எடுத்தவர்? பாலக்கோடு பக்கம் தக்காளி லோடு அடிக்க ஓர் அண்ணன் கடனில் 'குட்டி யானை' எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷோரூமிலிருந்து வந்த மறுநாள் விடியற்காலையிலேயே பெட்டிகளைக் கூரை உயரத்துக்கு அடுக்கிக் கிளம்பிவிடுவார். "தம்பி, வண்டிய சும்மா வெச்சிருந்தா டியூ யாரு கட்டுவா?" என்று கேட்டால் நம்மால் என்ன பதில் சொல்ல முடியும்?

அவரிடம் புத்தகத்தை நீட்டிப் பயனில்லை. அவர் பாஷையில் கணக்குத்தான் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர் ஓடினால் 960 கிலோமீட்டர் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். கடனோ ஐந்து வருடம், அதாவது 60 மாதத் தவணை. "அண்ணே, லோடு போக வேண்டாம்னு சொல்லல. இந்த ஒரு வாரம் மட்டும் பாதி லோடு போடுங்க. மேட்டுல கியரைக் குறைச்சுக்குங்க, முக்க விடாதீங்க. அறுபது டியூவும் கட்டி முடிக்கிற வரைக்கும் என்ஜினைப் பிரிக்காம இருந்தா யாருக்கு லாபம்?" இப்படிச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார். பாதி லோடு ரிங்குக்கும் நல்ல சுமைதான். வண்டியைச் சும்மா நிறுத்தி வைப்பதைவிட, அளவான லோடோடு ஓட்டுவதே என்ஜினுக்கு நல்லது. நாம் சொல்லும் பாடமும் அவர் பிழைப்பும் ஒத்துப்போகிற இடம் இது.

ரீபோர் செய்த என்ஜினும் புது என்ஜின்தான்!

நம் கிராமங்களில் புது வண்டி வாங்குகிறவர்களை விட, பழைய டிராக்டருக்கு ரீபோர் போட்டு ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் தருவது இந்த விஷயம்தான். புது லைனர், புது பிஸ்டன், புது ரிங் போட்டு முடித்ததும் சில பட்டறைகளில் ராத்திரி பூராவும் ஐட்லிங்கில் ஓடவிடுகிறார்கள். "காலையில பாரு, என்ஜின் பூ மாதிரி செட் ஆயிருக்கும்" என்பார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு விவசாயக் குடும்பத்தில் இப்படித்தான் நடந்தது. விடிய விடிய ஓடிய டிராக்டர் அடுத்த மாதமே ஆயில் குடிக்க ஆரம்பித்தது. உழவு நேரத்தில் வண்டி பட்டறையில் நின்றது. ஏரோட்ட வாடகை டிராக்டர் பிடித்த செலவு தனி. பிரித்துப் பார்த்தபோது லைனர் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளத்தது, குறுக்குக் கோட்டைக் காணோம். மறுபடி ஹோன் போட்டு ரிங் மாற்றிய பிறகுதான் சரியானது. பழி பாகத்தின் மேல் விழுந்தது, "ரிங்கு டூப்ளிகேட்" என்று. ரிங் என்ன செய்யும், பாவம்!

டீசல் என்ஜின் ஐட்லிங்கில் சரியாகச் சூடேறவே ஏறாது. அழுத்தமும் குறைவு. ஆகையால் ரீபோருக்குப் பிறகு செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஸ்டார்ட் செய்து ஆயில் பிரஷர் வருகிறதா, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்த்து, பதமாகச் சூடேறியதும் வயலுக்கு ஓட்டிப் போக வேண்டும். முதல் சில நாள் கலப்பையை ஆழமாக இறக்காமல் லேசான உழவு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுமையைக் கூட்டலாம். முழு லோடு டிரெய்லர் கரும்பு அப்புறம்தான்.

சுருக்கமாக எட்டு வார்த்தை

யாராவது கேட்டால் சொல்ல வசதியாக:

1. முதலில் கையேட்டைப் படியுங்கள். வண்டிக்கு வண்டி விதி மாறும்.
2. ஸ்டார்ட் செய்தவுடன் ரேஸ் வேண்டாம். நின்ற இடத்திலேயே வெகுநேரம் உறுமவிடவும் வேண்டாம். சில நொடி விட்டு மெதுவாகக் கிளம்புங்கள்; ஓட ஓடச் சூடேறட்டும்.
3. சூடான பிறகு நடுத்தர ஆக்சிலேட்டரில் வேகம் ஏற்றுங்கள், பிறகு கியரிலேயே விட்டு இறக்குங்கள். இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.
4. ஒரே வேகத்தில் நெடுந்தூரம் வேண்டாம். நெடுஞ்சாலையில் போய்த்தான் ஆக வேண்டுமென்றால் வேகத்தை மாற்றிக்கொண்டே போங்கள்.
5. மேட்டில் மேல் கியரில் முக்க விடாதீர்கள். வேகம் குறைவாக இருந்தாலும் அங்கே பேரிங்குகளுக்குச் சுமை அதிகம், ஆயில் படலம் மெல்லியது.
6. முழு லோடும் பின்னால் வண்டி கட்டி இழுப்பதும் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு.
7. முதல் சில நாளைக்கு ஆயில் மட்டத்தை அடிக்கடி பாருங்கள். முதல் ஆயிலில் உலோகத் துகள் இருக்கும். மாற்றச் சொன்ன தேதியை ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். கடைக்காரர் நீட்டும் 'ஸ்பெஷல்' மருந்து எதையும் ஊற்ற வேண்டாம்.
8. புது டயரும் புது பிரேக்கும் பழக நாள் எடுக்கும். முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி கூடுதலாக விடுங்கள்.

கடைசியாக, நம்மைப் பற்றி

மூன்று வருடம் முடித்து நம்மில் பலர் ஓசூர் பக்கம் அப்ரண்டிஸாகப் போகப் போகிறோம். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தில் டிப்ளமோ படித்தவர்களையும் சேர்த்தது 1973இல். ஒரு வருடப் பயிற்சி நமக்கு உண்டு. சீனியர்கள் சொல்லக் கேட்கிறேன். ஓரிடத்தில் பயிற்சிக்கு வந்தவனை ஒரு வேலையும் கொடுக்காமல் மூலையில் உட்கார வைக்கிறார்கள். வேறோர் இடத்தில் வந்த வாரமே நைட் ஷிப்டில் முழு டார்கெட் கொடுக்கிறார்கள். முன்னவன் ஐட்லிங்கில் கிளேஸ் ஆகிறான். பின்னவன் முழு ஆக்சிலேட்டரில் கீறல் விழுந்து, ஆறு மாதத்தில் ஊருக்குத் திரும்பி வருகிறான். மேற்பார்வை செய்யும் இடத்துக்கு நம்மில் சிலர் நாளை வருவோம். அப்போது நம் கீழே வரும் பையனுக்கும் பெண்ணுக்கும் அளவான வேலை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போவோம் என்று இப்போதே முடிவெடுக்கலாமே!

அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்த லீவில் ஊருக்குப் போகும்போது யார் வீட்டிலாவது புது வண்டி நின்றால், டிராக்டருக்கு ரீபோர் நடந்தால், தயங்காமல் போய்ப் பேசுங்கள். மாமாவோடு வாதாட வேண்டாம். "நீங்க சொன்னது அந்த வண்டிக்குச் சரி மாமா, இது வேற மாதிரி" என்று ஆரம்பியுங்கள். கையேட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து படித்துக் காட்டுங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்தப் புத்தகம் பாலித்தீன் உறை பிரிக்காமல் டேஷ்போர்டுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். அதைத் தட்டி எழுப்புகிற முதல் ஆள் நாமாக இருப்போம்!

— மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்